3டி கண்ணாடி இருக்கிறது, டிரைவர் இல்லை: கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

கேள்வி: வணக்கம். நான் சேலத்தில் இருக்கிறேன், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பல வருஷங்களுக்கு முன்பு நண்பன் வீட்டில் என்விடியா 3டி விஷன் கண்ணாடி போட்டுக் கார் ரேஸ் ஆடியதிலிருந்து அப்படி ஒரு செட் வாங்க வேண்டும் என்று ஆசை. 2025 ஜனவரியில் கோயம்புத்தூரில் ஒரு கடையில் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு போட்ட புதுக் கம்ப்யூட்டர் 90,000 ரூபாய், 120 ஹெர்ட்ஸ் 3டி மானிட்டர் 26,500 ரூபாய், 3டி விஷன் கண்ணாடியும் எமிட்டரும் 17,500 ரூபாய் என்று மொத்தம் 1,34,000 கொடுத்து வாங்கினேன். "3டி கேமிங் செட், முழுசாக வேலை செய்யும்" என்று கொட்டேஷனிலேயே எழுதித் தந்தார்கள். வீட்டில் கேம் நன்றாக ஓடுகிறது, 3டி மட்டும் வரவில்லை. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் செட்டிங்கில் அப்படி ஒரு பகுதியே இல்லை. கடையில் கேட்டால், "கம்பெனியே சப்போர்ட்டை நிறுத்திட்டான், நாங்க என்ன பண்றது" என்கிறார்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று பில்லில் அச்சடித்திருக்கிறது. ஏழு மாதமாக அலைகிறேன். கம்பெனி மீது வழக்குப் போடலாமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா? 2012ல் இதே செட்டை வாங்கிய என் நண்பனுக்கும் டிரைவர் அப்டேட் செய்ததும் 3டி போய்விட்டது. அவனுக்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: கடிதத்தோடு கொட்டேஷனையும் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அதைத்தான் முதலில் பார்த்தேன். அச்சடித்த விலைப் பட்டியலுக்குக் கீழே, நீல மையில், கொஞ்சம் சாய்வாக அந்த வரி இருக்கிறது. பக்கத்திலேயே கடை சீல், அதன் மேல் கையெழுத்து, தேதி. உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. அந்தத் தாளை லேமினேட் செய்யாதீர்கள், ஓரத்தில் எதுவும் எழுதாதீர்கள். ஒரு கவரில் போட்டு வைத்துவிடுங்கள்.

சட்டத்துக்குப் போகும் முன் பொருளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை நீங்கள்தான் எளிமையாகப் புரியவைக்க வேண்டியிருக்கும். 3டி விஷன் 2009ல் வந்த பொருள். மானிட்டர் ஒரு விநாடிக்கு 120 படம் காட்டும். அதில் 60 இடது கண்ணுக்கு, 60 வலது கண்ணுக்கு. யு.எஸ்.பி.யில் செருகிய எமிட்டர் அகச்சிவப்புக் கதிரில் சைகை அனுப்ப, கண்ணாடியின் இரண்டு பக்கமும் அதே வேகத்தில் மாறி மாறி மூடித் திறக்கும். ஆனால் ஒரே காட்சியை இரண்டு கோணத்தில் வரைய வைத்து, எந்தப் படம் எந்தக் கண்ணுக்கு என்று சொல்வது கிராபிக்ஸ் கார்டின் டிரைவர். அது இல்லாவிட்டால் எமிட்டர் சும்மா கிடக்கும், கண்ணாடி வெறும் கறுப்புக் கண்ணாடி.

2019 மார்ச்சில் என்விடியா தன் இணையதளத்தில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. 418 வரிசை டிரைவரோடு 3டி விஷன் ஆதரவு முடிகிறது, வேண்டியவர்கள் அந்த வரிசையிலேயே இருந்துகொள்ளலாம், முக்கியமான கோளாறுகளுக்கான திருத்தங்கள் மட்டும் 2020 ஏப்ரல் வரை வரும் என்று. உங்கள் ஆர்.டி.எக்ஸ் 4060 சந்தைக்கு வந்தது 2023ல். 2019ல் எழுதிய டிரைவருக்கு அந்தக் கார்டு இன்னதென்றே தெரியாது. பழைய டிரைவரைப் போட்டுப் பார்க்கும் வழிகூட உங்களுக்கு இல்லை.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிவிப்பு 2019 மார்ச். கார்டு 2023. விற்பனை 2025 ஜனவரி. அந்தக் கடையில் அந்தக் கார்டோடு சேர்த்து விற்ற அன்றைக்கே, கம்பெனியின் டிரைவரை வைத்து அந்தக் கண்ணாடி வேலை செய்ய வழியில்லை. வாங்கிய பிறகு கெட்டுப்போன பொருள் என்றால் வாரண்டி, சர்வீஸ் என்று பேச்சு வேறு பக்கம் போகும். இது விற்கும்போதே இல்லாத ஒரு வசதியை இருப்பதாக எழுதிக் கொடுத்த கதை. "கம்பெனி நிறுத்திட்டான்" என்று கடைக்காரர் சொல்வது அவருக்கு எதிரான வாக்குமூலம்தான். ஏறக்குறைய ஆறு வருஷத்துக்கு முன்பே நிறுத்தியதை நீங்கள் ஏன் வேலை செய்யும் என்று எழுதிக் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் கிடையாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47), இல்லாத பயனையோ செயல்திறனையோ இருப்பதாகச் சொல்லி விற்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதே உட்பிரிவில் இன்னொன்றும் உண்டு: பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது. கண்ணாடிப் பெட்டியை எடுத்து, தயாரிப்புத் தேதி எங்காவது இருக்கிறதா, சீல் பிரித்து ஒட்டியதா, எமிட்டரின் ஒயர் நிறம் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். புதியது என்று சொல்லி யாரோ உபயோகித்ததைத் தந்திருந்தால் அதுவும் புகாரில் வர வேண்டும். பில்லில் அச்சடித்த அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதையும் இதே பிரிவு முறையற்ற நடைமுறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட வரியைக் காட்டி ஆணையத்தில் எளிதில் தப்பிக்க முடியாது.

எதிர்த்தரப்பு வக்கீல் எங்கே பிடிப்பார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 16வது பிரிவு, வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. அதே பிரிவிலேயே ஒரு விலக்கு: பிராண்ட் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் அப்படி ஒரு பொறுப்பு விற்பவருக்குத் தானாக வராது. "அவரே 3டி விஷன்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார், நாங்கள் கொடுத்தோம்" என்று வாதாடுவார்கள். இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. நீங்கள் தனியாக ஒரு கண்ணாடி கேட்கவில்லை. எந்தக் கார்டு, எந்த மானிட்டர், எந்தக் கண்ணாடி ஒன்றோடொன்று சேரும் என்று தேர்ந்தெடுத்துக் கோத்துக் கொடுத்தது கடை. நீங்கள் நம்பியது அந்தத் திறமையை. அப்புறம் அந்த விலக்கு, சட்டமாகக் கருதிக்கொள்ளும் பொறுப்புக்குத்தான். கடைக்காரர் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதிமொழியை அது அழிக்காது. சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிற 15வது பிரிவும் உங்கள் பக்கம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் என்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சப்போர்ட் நின்றுபோனது வாங்கும்போதே உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கு இந்தக் கண்ணாடி மேல் பல வருஷ ஆசை. இணையத்தில் தேடாமலா இருந்திருப்பீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும். உங்கள் வாட்ஸ்அப்பில் கடையோடு பேசியதை முதலிலிருந்து ஒருமுறை படியுங்கள். "டிரைவர் பிரச்சினை வராதே?" என்று நீங்கள் கேட்டு, "வராது சார், நாங்க பாத்துக்கறோம்" என்று பதில் வந்திருந்தால் தங்கம் போன்ற சாட்சி. "வேலை செஞ்சா செய்யட்டும், பாத்துக்கலாம்" என்று நீங்களே எழுதியிருந்தால் வழக்கு பாதி பலம் இழந்துவிடும். எதுவாக இருந்தாலும் அழிக்காதீர்கள்.

எவ்வளவு கேட்கலாம்? 1,34,000 முழுவதையும் கேட்க நீங்கள் விரும்புவது புரிகிறது. ஆனால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏழு மாதமாக அதில் கேம் ஆடுகிறீர்கள். முழுத் தொகையும் கேட்டால் உங்கள் நியாயமான பகுதிகூட பேராசை போலத் தெரியும். கண்ணாடிக்கும் எமிட்டருக்கும் கொடுத்த 17,500 உறுதியாகக் கேட்க வேண்டியது. மானிட்டருக்கான 26,500ஐயும் கேளுங்கள். 3டிக்காகத்தான் அந்த மாடல், சாதாரண மானிட்டர் இதைவிடக் குறைந்த விலைக்கே கிடைத்திருக்கும் என்பது நியாயமான வாதம். ஆக 44,000, அதற்கு வட்டி, அலைந்த செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. பொருளைத் திருப்பித் தரத் தயார் என்று சேர்த்து எழுதுங்கள். பெட்டி, ஒயர், சார்ஜர் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இங்கே ஓர் அவசரம் இருக்கிறது. வாங்கிய பொருளை நியாயமான காலம் தாண்டியும் எதுவும் சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள் விற்பனைச் சட்டத்தின் 42வது பிரிவு எடுத்துக்கொள்ளும். வாயால் நீங்கள் எத்தனை முறை கேட்டிருந்தாலும் அதற்குச் சாட்சி இல்லை. அதனால் இந்த வாரமே நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று இல்லை. வாங்கிய தேதி, கொட்டேஷனில் எழுதியது, 3டி வேலை செய்யாதது, கடைக்குப் போய்க் கேட்ட நாட்கள், 15 நாள் கெடு, இவ்வளவு போதும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். இடையில் 1915க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யலாம். சில கடைகள் அந்த ஒரு அழைப்பிலேயே இறங்கி வந்துவிடும்.

பணம் வரவில்லை என்றால் புகாரைச் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடுங்கள். கடை கோயம்புத்தூரில் இருந்தாலும் பரவாயில்லை. புகார்தாரர் குடியிருக்கும் ஊரில் போடலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34வது பிரிவு சொல்கிறது, பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷம், உங்கள் கணக்குக்கு 2027 ஜனவரி. அதுவரை காத்திருக்காதீர்கள். ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த கடைக்காரர் 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகம் போனால் இன்னும் 15 நாள். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்த்துச் சொல்லிவிட்டது.

சாட்சிகளுக்கு வருவோம். டிரைவர் செட்டிங் பக்கத்தை, கார்டின் பெயரும் டிரைவர் எண்ணும் தெரிய, போனில் வீடியோ எடுங்கள். எமிட்டரைச் செருகுவதிலிருந்து ஒரே ஓட்டமாக இருக்கட்டும். கம்பெனியின் 2019 அறிவிப்பை அச்செடுத்து இணையுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம், கல்லூரி ஆசிரியராக இருந்தால் நல்லது, பிரமாண வாக்குமூலம் வாங்குங்கள். வாட்ஸ்அப், வீடியோ போன்ற மின்னணுச் சாட்சிகளுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63வது பிரிவு கேட்கும் சான்றிதழை இணைத்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பிடிப்பதில்லை என்றாலும், மேல்முறையீடு வரை போனால் அது இல்லாதது குறையாகிவிடும். இன்னொன்று, ஆர்வலர்கள் எழுதிய வெளி மென்பொருள்கள் சில புதிய கார்டிலும் 3டி காட்டும். "அதைப் போட்டுக்கோங்க" என்று கடை சொல்லலாம். நீங்கள் வாங்கியது அதை அல்ல. வழக்கு முடியும் வரை அந்த மெஷினில் எதையும் போட்டுக் கலைக்க வேண்டாம்.

போலீஸ் வேண்டாம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318வது பிரிவில் மோசடி என்று நிற்க வேண்டுமானால், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். கடைக்காரர் தெரியாமல் எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது பெரிய விஷயமில்லை, எழுதியது பொய்யா இல்லையா என்பதுதான் கேள்வி. கார்டு கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்காதீர்கள். கார்டில் குறை இல்லை, 3டி வரும் என்று அவர்கள் உங்களிடம் சொல்லவும் இல்லை. சேர்த்தால் வழக்கு நீளும், அவ்வளவுதான்.

உங்கள் நண்பர் விஷயம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவர் வாங்கியபோது பொருள் முழுசாக வேலை செய்தது, ஏழு வருஷம் கழித்து ஆதரவு நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரியிலிருந்து, டிஜிட்டல் அம்சம் சேர்ந்த பொருள்களுக்கு வாங்குபவர் நியாயமாக எதிர்பார்க்கும் காலம் வரை அப்டேட் தரும் கடமை விற்பவருக்கு உண்டு. நம் சட்டத்தில் அப்படித் தனிப் பிரிவு இல்லை, வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அமெரிக்காவில் 2010ல் பிளேஸ்டேஷன் 3லிருந்து லினக்ஸ் போடும் வசதியை ஓர் அப்டேட்டில் நீக்கியதற்காகக் கூட்டு வழக்கு நடந்து, எட்டு வருஷம் கழித்துச் சமரசத்தில் முடிந்தது. இங்கேயும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35வது பிரிவில் பலர் சேர்ந்து போட வழி இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே அறிவித்து, பழைய டிரைவரையும் விட்டுவைத்த கம்பெனிக்கு எதிராக, 2 வருஷக் கெடுவும் தாண்டிய நிலையில், பணம் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் கார்டு அந்தக் காலத்துக் கார்டாக இருந்தால், இப்போதுள்ள டிரைவரை நீக்கிவிட்டு 418 வரிசைக்குத் திரும்பி, தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். 3டி திரும்ப வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு அந்த டிரைவருக்குத் திருத்தம் தருவதாகக் கம்பெனி சொல்லவில்லை என்பதால், அந்த மெஷினில் பேங்க் வேலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.