ஆச்சியின் பேச்சைத் திருத்தச் சொன்னது யார்?

கேள்வி: மார்த்தாண்டத்துக்கு அருகே வசிக்கும் நான், வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். எங்கள் பக்கத்து வாழ்க்கையைச் சொல்லும் 240 பக்க நாவல் ஒன்றின் வேர்டு கோப்பு சென்ற மாதம் வந்தது. எழுத்துப்பிழைகளோடு, உரையாடலில் இருந்த கொச்சைச் சொற்களையும் கூடுதல் ஊதியம் கேட்காமல் நல்ல தமிழாக்கிக் கொடுத்தேன். (எங்கள் ஆச்சியும் இப்படித்தான் பேசுவார், கேட்டுப் பழகிவிடுவான் என்று மகனை அவரிடம் அதிகம் விடுவதில்லை.) ‘பைய’ என்பதை மொத்தமாக ‘மெதுவாக’ என்று மாற்றியபோது, ‘பையன்’ எல்லாம் ‘மெதுவாகன்’ ஆகிவிட்டதைக் கவனிக்கவில்லை. அச்சுக்குப் போகுமுன் பார்த்த ஆசிரியர் கோபப்பட, பதிப்பகம் பாதி ஊதியத்தை நிறுத்திவிட்டது. அதை எப்படிப் பெறுவது? இத்தகைய பிழை நேராமலிருக்க என்ன மென்பொருள் வாங்கலாம்?

பதில்: மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஊதியத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிய அந்த ஒரு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆச்சியின் சொல் பிள்ளையின் காதில் விழக்கூடாது என்று வீட்டில் முதலில் கத்தரித்துவிட்டு, அதே கையோடு நாவலிலும் கத்தரித்திருக்கிறீர்கள். ‘மெதுவாகன்’ என்ற கேலிக்கூத்து அதன் பிறகு வந்தது. அதைப் பார்த்து வெட்கப்படும் நீங்கள், முந்தியதைப் பற்றி எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதுகிறீர்கள்.

‘பைய’ கொச்சை என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? திருக்குறளின் 1098ஆம் குறள் ‘பசையினள் பைய நகும்’ என்று முடிகிறது. அந்தக் கோப்பில் குறளும் இருந்திருந்தால் அதையும் ‘பசையினள் மெதுவாக நகும்’ என்று திருத்தியிருப்பீர்கள். உங்கள் பக்கத்துக் கதை என்றால் ‘ஓர்மை’யும் ‘சாடினான்’ என்பதும் நிச்சயம் இருந்திருக்கும். அவற்றை ‘ஞாபகம்’ என்றும் ‘குதித்தான்’ என்றும் ஆக்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஓர்தல் என்ற நல்ல தமிழ் வினையில் பிறந்த சொல்லை எடுத்துவிட்டு வடசொல்லை வைப்பதற்குப் பெயர் நல்ல தமிழாக்குவதா? தொல்காப்பியம் வட்டாரங்களில் வழங்கும் திசைச்சொல்லையும் செய்யுளுக்கு உரிய நால்வகைச் சொற்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. அது வழங்கும் பன்னிரு நாடுகளைப் பட்டியலிடும் பழைய வெண்பா வேணாட்டையும் சேர்த்தே எண்ணுகிறது. வேணாடு என்பது உங்கள் ஊர்தான், அம்மா.

எனக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், உங்கள் பக்கத்துச் சிறுகதை ஒன்றில் ‘வெள்ளம் கோரப் போனாள்’ என்று இருந்ததை, ஏதோ சொல் விடுபட்டிருக்கிறது என்று நானே முடிவு செய்து, ‘வெள்ளத்தைக் காணப் போனாள்’ என்று மாற்றினேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கப் போனவளை ஆற்று வெள்ளத்தை வேடிக்கை பார்க்க அனுப்பிவிட்டேன். நான் தஞ்சாவூர்க்காரி, கேட்டறியாத வழக்கு என்று அன்றைக்குச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சாக்காவது இருந்தது. உங்களுக்கு அதுவும் இல்லை. தெரிந்தே மாற்றியிருக்கிறீர்கள்.

ஏன் மாற்றினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லையோர ஊர்களிலிருந்து இத்தகைய கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் ‘நீங்கள் மலையாளியா?’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம்தான் காரணம். ஆனால் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, அங்குள்ளவர்கள் தமிழ் பேசியதால்தான். அன்று அவர்கள் பேசிய தமிழைத்தான் இன்றைக்கும் உங்கள் ஆச்சி பேசுகிறார். அதைக் கேட்டு வளர்வது உங்கள் மகனுக்குரிய பங்கு. அதைத் தடுக்கும் உரிமை தாய்க்குக்கூட இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பள்ளித் தமிழைப் பள்ளி கற்றுக்கொடுத்துவிடும். முதியவரை ஒரு மூலையில் உட்கார வைத்து நேரத்துக்குச் சோறு போட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடு இல்லை.

இனி தொழில். மெய்ப்புப் பார்ப்பதும் செம்மையாக்கம் செய்வதும் வேறு வேறு வேலைகள். செம்மையாக்குபவர் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசி, அவர் இசைவோடு வாக்கியத்தைத் தொடலாம். மெய்ப்புப் பார்ப்பவர் மூலப்படியில் உள்ளது அச்சுப்படியில் சரியாக வந்திருக்கிறதா, எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும் இருக்கின்றனவா என்று பார்ப்பவர். ஐயம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுக் கேட்பதோடு அவர் வேலை முடிகிறது. கேட்காமல் செய்த உதவிக்குக் கூடுதல் ஊதியம் வாங்கவில்லை என்று பெருமைப்படுகிறீர்கள். அந்த உதவியால்தான் ஆசிரியர் ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து உங்கள் கையை அகற்ற வேண்டியிருக்கிறது.

கோப்பைத் திறந்தவுடன் அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, மாற்றங்களைக் குறித்துக் காட்டும் டிராக் சேஞ்சஸை இயக்கிவிட்டுத்தான் முதல் எழுத்தைத் தொட வேண்டும். நீங்கள் வைத்த ஒவ்வொரு கையும் ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். ‘ரீப்ளேஸ் ஆல்’ பொத்தானைத் தமிழில் தொடவே தொடாதீர்கள். ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்துத் தட்டும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது, ‘ஔவை’யைச் சரிசெய்கிறேன் என்று அதை மொத்தமாக மாற்றப் போனால் நூலில் உள்ள ‘ஒளி’யெல்லாம் உடைந்துபோகும். ஒவ்வொன்றாகத் தேடி, பார்த்து, மாற்ற வேண்டும். கதைசொல்லியின் நடையை ஒரு முறையும், உரையாடலை மட்டும் தனியாக இன்னொரு முறையும் படியுங்கள். கோயிலா கோவிலா, ஒரு பாத்திரம் எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். வட்டார வழக்கில் பிழை என்பது ஒரே பாத்திரம் காரணமில்லாமல் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் வேறிடத்தில் வேறு விதமாகவும் பேசுவதுதான்.

ஊதியத்தைக் கேட்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். முதலில் ஆசிரியருக்கு நேரடியாக எழுதி மன்னிப்புக் கேளுங்கள். பிறகு அவர் அனுப்பிய மூலக் கோப்பையும் உங்கள் கோப்பையும் வேர்டின் ‘கம்பேர்’ வசதியில் ஒப்பிட்டால் நீங்கள் மாற்றிய ஒவ்வொரு சொல்லும் தெரிந்துவிடும். எழுத்துப்பிழைத் திருத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவை அனைத்தையும் பழையபடி ஆக்கி, பதினைந்து ஃபாரத்தையும் (பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்) இலவசமாக ஒப்படையுங்கள். அதன் பிறகு மீதித் தொகையைக் கேட்டால் உங்கள் குரலில் தயக்கம் இருக்காது. அடுத்த வேலையில் பக்கக் கணக்கா சொல் கணக்கா, எத்தனை மெய்ப்பு, முன்பணம் எவ்வளவு என்பதோடு, உரையாடலைத் தொடலாமா கூடாதா என்பதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகே தொடங்குங்கள்.

மூலப்படிக்குத் திரும்பிய உரையாடல்களை ஒப்படைக்குமுன், மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஆச்சியிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். ‘அப்படிப் பறைய மாட்டோம்’ என்று அவர் நிறுத்தும் இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, ஆசிரியருக்கு அனுப்பிவையுங்கள்.