பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

கே: பழைய இசைக் கீபோர்டு வாங்கினேன். விற்றவர் அடாப்டரில் வாசித்துக் காட்டினார். வீட்டில் செல் போட்டால் உயிரே இல்லை. மூடிக்குள் ஸ்பிரிங் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உள்ளே சர்க்யூட் போர்டு போய்விட்டதா?

ப: இல்லை. அடாப்டரில் ஒலிக்கிறதே! அவர் மூடியைத் திறக்காமல் விற்றது ஏன் என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டாலும் இது சரியாகிற பழுதுதான்.

அந்த வெள்ளைப் பூப்பு, அல்கலைன் செல்லிலிருந்து கசிந்த காரம். கையுறை போட்டுக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உதிருங்கள். வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக் குச்சியால் தேய்த்தால் நுரைக்கும். ஊற்றிவிடாதீர்கள், இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். அடுத்து தண்ணீர் தொட்ட குச்சி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மிஞ்சிய கறுப்பை நைஸ் உப்புத்தாள் எடுத்துவிடும்.

துரு அரித்த ஸ்பிரிங்கைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றுங்கள். பழைய தகட்டையே அளவுக்கு எடுத்துப்போங்கள். ஒற்றைத் தகடு வேறு, இரண்டு செல்லை இணைக்கும் இரட்டைத் தகடு வேறு. தகட்டைக் கழற்றி வெளியே வைத்து, ஒயரை அதில் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். பேட்டரி அறைக்குள் வைத்தே சூடு காட்டினால் பிளாஸ்டிக் இளகி, தகடு ஆடும். ஒயர் முனை கறுத்திருந்தால் செம்பு பளபளக்கும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். காரம் உறைக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கும். முழுக்கக் கறுத்திருந்தால் ஒயரையே மாற்றுங்கள்.

கே: ஆறும் புது செல். விளக்கு எரிகிறது, ஒலியைக் கூட்டினால் அணைந்துவிடுகிறது.

ப: சும்மா இருக்கும்போது அளந்தால் 9 வோல்ட் காட்டும், நம்பாதீர்கள். வாசித்துக்கொண்டே அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் செல்லின் முனையிலும், மறு முனையை அது தொடும் தகட்டிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிற இடத்தில்தான் கோளாறு. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுங்கள், சுத்தம் செய்யுங்கள்.

கே: கசிவு இல்லை, துரு இல்லை, தகட்டில் 9 வோல்ட் இருக்கிறது. அடாப்டரில் மட்டும்தான் ஓடுகிறது.

ப: பல கீபோர்டுகளில் அடாப்டர் துளைக்குள் ஒரு சிறு தகடு இருக்கும். பின்னைச் செருகினால் அது விலகி பேட்டரியைத் துண்டிக்கும். உருவிய பிறகும் அது திரும்பவில்லை போலிருக்கிறது. பத்துப் பதினைந்து முறை செருகி உருவுங்கள். மசியாவிட்டால் ஜாக்கை மாற்றுங்கள்.

கே: தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அலுமினியத் தாளை மடித்து வைக்கலாமா?

ப: கூடாது. நழுவினால் ஷார்ட் ஆகும்.

கே: மூன்று செல் புதிதாக வாங்கி, பழைய மூன்றோடு போட்டேன். ஒன்று கசிந்துவிட்டது. கடைக்காரர் மட்டமான செல் கொடுத்துவிட்டார்.

ப: கடைக்காரரை விடுங்கள், தவறு உங்களுடையது. எத்தனை முறைதான் எழுதுவது! ஆறும் வரிசையாக இணைந்தவை. ஒரே மின்னோட்டம் எல்லாவற்றிலும் ஓடும். பழையது முதலில் தீரும். தீர்ந்த பின்னும் மற்றவை அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளும். அதன் வோல்ட்டேஜ் தலைகீழாகும், உள்ளே வாயு சேரும், அழுத்தத்தில் உறை விட்டுக்கொடுக்கும். மாற்றினால் ஆறையும் ஒரே வகையில், ஒரே நாளில் மாற்றுங்கள். அடாப்டரிலேயே வாசிப்பவர் செல்லை உள்ளே விட்டுவைப்பது இன்னொரு பெரும்பாவம். ஓடாத செல்லும் கசியும்.

கே: பின் பொருந்துகிறது. எந்த அடாப்டரும் போடலாம்தானே?

ப: போடலாம், கீபோர்டு வேண்டாமென்றால். கேசியோவின் ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், பின்னின் நடுவில் மைனஸ். யமஹாவின் பிஏ-130 12 வோல்ட், நடுவில் பிளஸ். துளைக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ என்று விற்ற பலமுனை அடாப்டரை வாங்கி மூலையில் போட்டவன் சொல்கிறேன்.

கே: ரீசார்ஜ் செல் போடலாமா?

ப: ஒன்று 1.2 வோல்ட், ஆறுக்கு 7.2. கையேடு அனுமதித்தால் போடுங்கள்.