மலைப்பாதையில் சைக்கிள்: இறக்கத்தைப் பற்றியும் கேளுங்கள்

இமாச்சலத்திலிருந்து லடாக்குக்குப் போகும் மணாலி–லே மலைப்பாதை திறக்கும் காலம் நெருங்கினால் போதும், சென்னையிலிருந்து கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். இம்முறையும் பெரும்பாலானோர் ஏறுவதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். கால் தாங்குமா, மூச்சு தாங்குமா, எத்தனை கியர் வேண்டும் என்று. அந்தப் பாதையில் ஆளைச் சாய்ப்பது அவசரமாக ஏறுவதும் அவசரமாக இறங்குவதும்தான். அதைத் தொட்ட கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சார், வாரத்தில் நான்கு நாள் ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் வரை போய்த் திரும்புகிறேன். எனக்கும் உயர நோய் வருமா? (திருவான்மியூர் வாசகர்)

வரலாம். உடற்பயிற்சி இதற்குக் கவசம் ஆகாது. சொல்லப்போனால் நல்ல கால்பலம் உள்ளவர்தான் ஒரே நாளில் அதிகம் ஏறி மாட்டிக்கொள்கிறார். தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சுக்கும் பாதி ஆக்சிஜன்தான். உடம்பு அதற்குப் பழக நாள் பிடிக்கும். பழகுமுன் ஏறினால் வருவதுதான் உயர நோய்.

3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்குங்கள். பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட எங்கே படுத்தோம் என்பதே கணக்கு.

இந்தக் கணக்கு இடிக்கிற இடம், வழியில் இரவு தங்கும் ஜிஸ்பாவுக்கும் சர்ச்சுவுக்கும் நடுவில். ஜிஸ்பா 3,200 மீட்டர் சொச்சம், சர்ச்சு கிட்டத்தட்ட 4,300. உடம்பு சரியில்லை என்றால் கீழே இறங்கு என்பார்கள். சர்ச்சுவில் எந்தப் பக்கம் இறங்குவது? ஒரு பக்கம் பாரலாச்சா லா கணவாய், மறுபக்கம் லாச்சுலுங் லா கணவாய். கீழே போகவே முதலில் மேலே ஏற வேண்டும்! அதனால்தான் ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கச் சொல்லி நான் சண்டை போடுகிறேன்.

தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அன்று ஏறாதீர்கள். கூட வருபவர் குழறிப் பேசினால், குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால் மூளை வீக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டுமே உயிர் போகிற விஷயம். விடியட்டும் என்று காத்திருக்காமல், கிடைத்த வண்டியில் ஏற்றி அப்போதே கீழே கொண்டுபோங்கள்.

உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா, அண்ணா? (பெரம்பூர்)

உடம்பு பழகுவதை அது வேகப்படுத்தும், அவ்வளவுதான். ஓய்வு நாளுக்கு அது ஈடாகாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். விரல் நுனி மதமதப்பதும் உண்டு. பிரேக் பிடிக்கிற கை என்பதால் இதை ஊரிலேயே போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போகலாம்தானே? (அண்ணா நகர்)

கூடவே கூடாது. நீங்கள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று தடுப்பது போக மீதியெல்லாம் பிரேக்குக்குத்தான். ரிம் பிரேக் என்றால் ரிம் சுட்டு டியூப் வெடிக்கலாம். டிஸ்க் என்றால் பேட் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிப் பிடிமானம் போகும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்திக் குறைத்து, பிறகு விடுங்கள். ரிம்மும் டிஸ்க்கும் காற்றில் ஆறட்டும். நீண்ட இறக்கத்தில் நடுநடுவே நின்றுவிடுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் லாரியின் உள்பக்கம் நுழையாதீர்கள். அதன் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும்.

தங்லங் லாவிலிருந்து ரும்ட்சே பக்கம் இறங்கியபோது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஏறும்போது வியர்த்த பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. மேலே படம் எடுக்கிற ஆசையில் மாற்றவில்லை. கையுறையும் மெல்லியது. பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப் போயின. மூளை ‘பிடி’ என்கிறது, விரல் மடங்கவில்லை. மணிக்கட்டால் லீவரை அழுத்தி, ஓரத்து ஜல்லியில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினேன். கக்கத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது கணவாயில் முதல் வேலை உலர்ந்த பனியன், அதற்குமேல் காற்றுப் புகாத ஜாக்கெட், தடிமனான கையுறை. ஜாக்கெட் மறந்தால் செய்தித்தாளை நெஞ்சுக்கு உள்ளே விரித்துக்கொள்ளலாம், நன்றாகவே காக்கும்.

சென்னையில் மேடே இல்லையே, எங்கே பழகுவது? (தாம்பரம் வாசகி)

பரங்கிமலை போதாது. முதலில் ஏலகிரியின் 14 வளைவுகள், பிறகு ஏற்காடு, கடைசியில் கொல்லிமலையின் 70 வளைவுகள். மூட்டை ஏற்றிக்கொண்டு போங்கள். ஏறியதும் சைக்கிளை வேனில் போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள், இறங்கியே வாருங்கள். இந்த மலைகள் பிரேக்கையும் கையையும் பழக்கும். உயரத்துக்கு உடம்பைப் பழக்காது, அதற்கு இவை போதிய உயரமில்லை.

தம்பி, என் பையன் தனியாகப் போகிறேன் என்று நிற்கிறான். தடுக்கட்டுமா? (மயிலாப்பூரிலிருந்து ஒரு தாய்)

அம்மா, தடுக்கச் சொல்ல மாட்டேன், தனியாக அனுப்பவும் சொல்ல மாட்டேன். முதல் தடவை துணையோடு போகட்டும். உயர நோயில் குழம்பிப்போனவருக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம்மூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வாங்கிக் கொடுங்கள். அப்படியும் நாள்கணக்கில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். எந்த இரவு எந்த ஊர் என்று எழுதி வாங்கி வையுங்கள், ஓரிரண்டு நாள் தள்ளிப் போனால் பதறாதீர்கள். அவனிடம் ஒன்று சொல்லுங்கள்: சாலையைக் கடக்கும் ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, மதியத்துக்குமேல் தண்ணீர் இழுக்கும்.

உயரத்தில் டயர் தானாக வெடிக்குமாமே? (வேளச்சேரி)

இல்லை. வெளிக்காற்று அழுத்தம் குறைவதால் 5,300 மீட்டரில் டயரின் அழுத்தம் 7 பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடும், குளிர் அதில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குப் பத்து குறைவாகக் காற்றடித்துக் கிளம்புங்கள்.