பிளஸ் ஒன்னை விழுங்கும் பிளஸ் டூ – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கல்வி குறித்து நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் மகள் இந்த ஆண்டு பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் 96 வாங்கியவள். நானும் என் மனைவியும் பேசி முடிவெடுத்து, ஒரு தனியார் பள்ளியில் கணிதம்–உயிரியல் குரூப்பில் சேர்த்தோம். காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 38, கணிதத்தில் 51. வீட்டில் நிம்மதி போய்விட்டது. பள்ளிக்குப் போய்க் கேட்டேன். "பயப்படாதீர்கள், பிளஸ் ஒன் பாடத்தை அக்டோபரோடு முடித்துவிட்டுப் பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடுவோம். ஓர் ஆண்டுக்கு மேல் அதையே படித்தால் மதிப்பெண் தானாக வரும். பிளஸ் ஒன்னுக்குத்தான் பொதுத்தேர்வு இல்லையே" என்றார்கள். கேட்க ஆறுதலாக இருந்தது. இருந்தாலும் குழப்பம் தீரவில்லை. வணிகவியல் குரூப்புக்கு மாற்றிவிடலாமா? கைபேசியை வாங்கி வைத்துவிடலாமா? இயற்பியலுக்கு டியூஷன் சேர்க்கலாமா? இந்த முதல் ஆண்டில் பெற்றோர் என்னதான் செய்ய வேண்டும்?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறேன்.)

அன்புள்ள தம்பிக்கு,

பிளஸ் ஒன் பாடத்தை அக்டோபரோடு மூடிவிடுவோம் என்று பள்ளி சொன்னது உங்களுக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். சில மாதங்களாகவே என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் அது.

கைபேசியை முதலில் முடித்துவிடுகிறேன். அது உங்கள் வீட்டு விவகாரம், நீங்களும் அவளும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். டியூஷனும் அப்படித்தான். பள்ளியில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளைக்கு மறுபடியும் ஒரு வகுப்பறை தேவையா என்பதை அவள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்த 38-க்கு வருவோம். பத்தாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் சேர்ந்து ஒரே அறிவியல் பாடம். பிளஸ் ஒன்னில் இயற்பியலுக்கு மட்டும் இரண்டு தொகுதிப் புத்தகம். அந்தக் கனத்தைக்கூடப் பிள்ளைகள் தாங்கிவிடுவார்கள். உண்மையான இடறல் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் தொகுதியில் இரண்டாவது அலகு இயக்கவியல். அதைத் திறந்து பாருங்கள். அளவோடு திசையும் சேர்ந்த வெக்டர்கள் வந்துவிடுகின்றன. திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சியின் வகைக்கெழு, அதாவது அது நேரத்தோடு மாறும் வீதம், என்று வந்துவிடுகிறது. அதைத் திருப்பிச் செய்யும் தொகையிடலும் தொட்டுக்காட்டப்படுகிறது. இப்போது அவளுடைய கணிதப் புத்தகத்தை எடுங்கள். வெக்டர் எட்டாவது பாடம், வகை நுண்கணிதம் ஒன்பதும் பத்தும், தொகை நுண்கணிதம் பதினொன்று. எல்லாமே இரண்டாம் தொகுதியில். கணித ஆசிரியர் கற்றுத்தருவதற்கு மாதக்கணக்கில் முன்பே இயற்பியல் ஆசிரியருக்கு அது வேண்டியிருக்கிறது. நேரமுள்ள ஆசிரியர் சில வகுப்புகளை ஒதுக்கி, ஒரு வரைபடம் போட்டு, அதன் சாய்வைக் காட்டி, மாறும் வேகம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுப்பார். அக்டோபருக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர் சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அதுவரை எல்லாம் புரிந்து படித்த பிள்ளை, வாழ்க்கையில் முதல் தடவையாகப் புரியாமலேயே பக்கத்தைப் புரட்டுகிறது. தன் மூளையில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறது. உங்கள் மகளின் 38-க்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தமிழ்வழியில் படித்து இந்த ஆண்டு ஆங்கிலவழிக்கு மாறியவள் என்றால் இன்னும் சிரமம். அதை நீங்கள் எழுதவில்லை.

நீங்கள் எழுதாதது அது மட்டுமல்ல. கடிதத்தை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். மதிப்பெண் இருக்கிறது. பள்ளி சொன்னது இருக்கிறது. உங்கள் நிம்மதி போனது இருக்கிறது. மகள் சொன்னதாக ஒரு வாக்கியம் இல்லை. நீங்களும் மனைவியும் பேசிக் குரூப்பை முடிவு செய்தீர்கள்; இப்போது மறுபடியும் நீங்களே பேசி அதை மாற்றப் பார்க்கிறீர்கள். அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கிறது, எந்த இடத்தில் புரியாமல் போனது, வகுப்பில் கை தூக்கிக் கேட்க முடிகிறதா, எதுவுமே தெரியாமல் என்னிடம் கேட்கிறீர்கள். எனக்கு எப்படித் தம்பி தெரியும்? அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் முதல் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்ல மாட்டார்கள்.

இனி அந்த அக்டோபர் விஷயம்.

தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தது. அதுவரை கல்லூரியில் ஓராண்டாக இருந்த பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு போய், பள்ளிக்குள் இரண்டாண்டுப் படிப்பு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்கு எடுத்துக்கொண்ட பள்ளி மதிப்பெண் இரண்டாம் ஆண்டினுடையது மட்டும்தான். இன்றைக்கும் பொறியியல் கட்-ஆஃப் 200 என்றால், அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்கள். பிளஸ் ஒன்னில் நீங்கள் என்ன படித்தீர்கள் என்று இந்தக் கட்-ஆஃப் கேட்பதில்லை. பல தனியார் பள்ளிகள் இதைப் பிடித்துக்கொண்டன. முதல் ஆண்டிலேயே பிளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்து, இரண்டு ஆண்டும் அதையே உருப்போட வைத்து, சென்டம் எண்ணிக்கையை விளம்பரப் பலகையில் போட்டார்கள். பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க நாம் வரிசையில் நின்றோம்.

2017-ல் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்ததற்கு இதுதான் முக்கியமான காரணம். 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. இரண்டு ஆண்டுக்கும் தலா 600 மதிப்பெண், இரண்டும் சேர்த்து 1200 என்று வைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று மாற்றிவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு, 2025–26 முதல் அந்தத் தேர்வே இல்லை என்றாகிவிட்டது. தேர்வை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டு பொதுத்தேர்வு எழுதியே பிள்ளைகள் வாடிப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தேர்வைத்தானே எடுத்தார்கள், பாடத்தை எடுக்கவில்லையே. உங்கள் மகளின் பள்ளி இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறது. நீங்களும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்தியவள். முதல் செமஸ்டரில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். பிளஸ் டூ கணிதத்தில் ஏறக்குறைய முழு மதிப்பெண். ஒரு நாள் பலகையில் ஒரு வளைகோட்டை மட்டும் வரைந்து, இதில் எந்தெந்த இடத்தில் சாய்வு பூஜ்ஜியம் என்று கேட்டேன். சமன்பாடு எதுவும் கொடுக்கவில்லை. அவன் எழுந்து நின்று வெகுநேரம் பலகையைப் பார்த்துவிட்டு, "சமன்பாடு என்ன மேடம்?" என்றான். சமன்பாடு கொடுத்திருந்தால் வகையிட்டு, பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தி, கண்மூடித் திறப்பதற்குள் விடை எழுதியிருப்பான். கோட்டின் உச்சியும் பள்ளமும் கண்ணுக்கு நேரே இருந்தன. அதற்கும் தான் போட்டுத் தள்ளிய கணக்குகளுக்கும் தொடர்பு உண்டு என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

பிளஸ் ஒன் கணிதப் புத்தகம் வீட்டில் இருந்தால் கொண்டுவா என்றேன். அடுத்த வாரம் கொண்டுவந்தான். பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அழகான கையெழுத்தில் பெயரும் பிரிவும் எழுதியிருந்தது. அம்மா எழுதியது என்றான். இரண்டாம் தொகுதியைத் திறந்தேன். முதுகுப் பக்கம் முறுக்கென்று சத்தம் வந்தது. பாதிக்கு மேல் பக்கங்கள், அச்சகத்தில் வெட்டியபோது ஒட்டிக்கொண்டபடியே இருந்தன. நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது. வகை நுண்கணிதப் பாடத்தில் ஒரு பென்சில் கோடுகூட இல்லை. "இதை எங்களுக்கு நடத்தவே இல்லை மேடம்" என்றான். அந்தக் குரலில் புகார்கூட இல்லை.

வகுப்பு முடிந்த பிறகு மாலைகளில் சார்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினோம். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை. சார்பும் எல்லையும் புரிந்த பிறகு அவன் கேட்ட கேள்விகளில் சில எனக்கே வீட்டுக்குப் போய் யோசிக்க வேண்டியவையாக இருந்தன. கணிதத்தில் அரியர் வைக்காமல் தேறிவிட்டான். அவன் கூடவே வந்த பலர் தேறவில்லை. முதலாம் ஆண்டுக் கணிதத்தில் விழுந்து, அதையே கடைசி ஆண்டுவரை சுமந்த பிள்ளைகளை வருடந்தோறும் பார்த்தேன். பெற்றோர் வந்து, பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை கல்லூரிக்கு வந்து கெட்டுப்போய்விட்டான் என்று அழுவார்கள். கல்லூரிக்கு வந்து யாரும் கெடவில்லை. பதினாறு வயதில் கற்க வேண்டியதைப் பறித்துவிட்டு, பதினெட்டு வயதில் கணக்குக் கேட்கிறோம்.

கல்லூரி தொலைவில் இருக்கிறது, முதலில் பிளஸ் டூவைப் பார்ப்போம் என்பீர்கள். சரி, பிளஸ் டூவையே பார்ப்போம். அந்தக் கணிதப் புத்தகத்தில் அணிகளின் பயன்பாடு, வெக்டரின் பயன்பாடு, வகையிடலின் பயன்பாடு, தொகையிடலின் பயன்பாடு என்று பாடங்கள் இருக்கின்றன. அணியும் வெக்டரும் வகையிடலும் தொகையிடலும் பிளஸ் ஒன்னில். இயற்பியலில் மின்னழுத்தம் புரிய வேண்டுமென்றால் வேலை, ஆற்றல் தெரிந்திருக்க வேண்டும். அது பிளஸ் ஒன்னில் நான்காவது அலகு. ஒளியை அலையாகப் பார்க்க, அலைகள் தெரிந்திருக்க வேண்டும். அது பிளஸ் ஒன்னில் கடைசி அலகு. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது கடைசி அலகுதான். உங்கள் மகள் உயிரியலும் எடுத்திருக்கிறாள், மனதில் நீட் இருக்கக்கூடும். அந்த 180 கேள்விகளும் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வருபவை. பள்ளி மூடச் சொல்லும் அதே புத்தகத்துக்கு, பிறகு கோச்சிங் சென்டரில் தனியாகப் பணம் கட்டுவீர்கள்.

பிளஸ் ஒன் மதிப்பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுகூட எப்போதும் உண்மை இல்லை. 2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவே இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று சேர்த்துத்தான் மதிப்பெண் போட்டார்கள். இன்னொரு பெருந்தொற்று வரும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கட்-ஆஃப் விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறும். வகைக்கெழு மாறாது.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கு மறுபடி போங்கள். இந்த முறை முதல்வர் அறையில் உட்கார்ந்து ஆறுதல் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கணிதம், இயற்பியல் ஆசிரியர்களைப் பாருங்கள். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தெந்தப் பாடம் நடந்தது, இரண்டாம் தொகுதி எப்போது நடக்கும் என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். ஆசிரியர்களில் பலருக்கும் இந்த ஓட்டம் பிடிப்பதில்லை. நிர்வாகத்திடம் சொல்ல முடியாமல் இருப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் கேட்டால் அவர்களுக்கும் ஒரு பலம். உங்களைப் போல இன்னும் சில பெற்றோர் கூட வந்தால் இன்னும் நல்லது. பணம் கட்டுகிற நாம் கேட்காமல் இருப்பதால்தான் இது நடக்கிறது.

வீட்டில், இரண்டாம் தொகுதியை அவள் மேசையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பள்ளி பிளஸ் டூ பாடத்துக்குப் போய்விட்டாலும், வாரத்தில் சில மணிநேரம் அதற்கென்று இருக்கட்டும். அந்த நேரத்துக்குத் தேர்வு வைக்காதீர்கள், மதிப்பெண் கேட்காதீர்கள். உங்களுக்குக் கணிதம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்றைக்குப் படித்ததை எனக்குச் சொல் என்று பக்கத்தில் உட்காருங்கள். எந்த இடத்தில் சொல்ல முடியாமல் தடுமாறுகிறாளோ அதுதான் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய இடம் என்று அவளுக்கே தெரிந்துவிடும். அவள் அம்மாவும் உட்காரட்டும். கேள்வி கேட்கும் வேலையும் கோபப்படும் வேலையும் ஒருவருக்கே சேர வேண்டாம்.

குரூப்பை மாற்றலாமா என்று கேட்டீர்கள். வணிகவியல், தோற்றவர்கள் ஒதுங்கும் திண்ணை இல்லை. கணக்குப்பதிவியலில் ஆர்வமுள்ள பிள்ளை அதைத்தான் படிக்க வேண்டும். ஆனால் ஒரு காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்து, அவளைக் கேட்காமல் மாற்றினால் நான் எதிர்ப்பேன். உங்கள் கடிதத்தை வைத்து இதற்குமேல் என்னால் சொல்ல முடியாது. அவளுக்கு விருப்பமிருந்தால் அவளையே எழுதச் சொல்லுங்கள். இயற்பியலில் எந்தப் பக்கத்தில் புரியாமல் நின்றது என்பதையும் சேர்த்து எழுதட்டும். அவளுக்கு எழுதும் பதிலை இங்கே வெளியிட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா