ஆளிச்செடியிலிருந்து லினன் வரை: கேள்வி பதில்

வடக்கு போர்ச்சுகலில், மின்ஹோ பகுதியிலும் விஸேவு அருகிலுள்ள வார்ஸியா டெ கால்டெயிலும், கிராமத்துப் பெண்கள் கைவிடாமல் வைத்திருக்கும் லினன் வேலையைப் பற்றி, அதாவது ஆளிச்செடியின் நாரை எடுத்துத் துணி நெய்வதைப் பற்றி, வந்த கேள்விகள் இவை.

அக்கா, செடியை அறுக்காமல் ஏன் வேரோடு பிடுங்குகிறார்கள்?

நார் தண்டின் அடிவரை ஓடுகிறது, அறுத்தால் அந்த நீளம் போச்சு. அங்கே ஏப்ரலில் விதைத்தால் சுமார் 100 நாளில் பறிக்கலாம். தண்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கு மஞ்சளாகியிருக்க வேண்டும். விதை நன்றாக முற்றட்டும் என்று விட்டால் நார் முரடாகிவிடும்.

நம்ம ஊர் சணப்பு மாதிரி ஊறப்போடுவதுதானா? எத்தனை நாள்?

அதேதான். விதைக்காயைச் சீப்பில் உருவிவிட்டு, கட்டுகளை நீரில் அமிழ்த்திக் கல் ஏற்றுவார்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு வாரம், குளிர்ந்த நீரில் இரண்டு வாரம்கூட ஆகும். நாளை எண்ணாதீர்கள், தண்டைப் பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் கட்டின் நடுவிலிருந்து ஒரு தண்டை உருவி, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு இடத்தில் ஒடியுங்கள். உள்ளே இருக்கும் குச்சி நாரைப் பிய்க்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அன்றே கரையேற்றிவிட வேண்டும்.

குறைவாக ஊறினால் திரும்பப் போடலாம். அதிகமானால் மருந்தே கிடையாது. நீளமான நார் என்று நாம் பார்ப்பது, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழைகள் பசையால் ஒட்டிய கற்றை. நுண்ணுயிர்கள் நாரைக் குச்சியோடு ஒட்டும் பசையோடு நிற்காமல் அந்தப் பசையையும் தின்றுவிட்டால் சீப்பில் எல்லாம் கழிவுதான். இன்னொன்று: ஊறும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்துப்போகும், மீன் வளர்க்கும் குட்டையில் போடாதீர்கள்.

பிறகு நாரை எப்படிப் பிரிப்பது?

நன்றாகக் காய்ந்த பிறகு மரச்சம்மட்டியால் அடித்து, மரக்கத்தியால் தட்டிச் சக்கையை உதிர்க்க வேண்டும். ஈரமிருந்தால் குச்சி வளையும், ஒடியாது. ஆணிச்சீப்பில் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாருங்கள். நடுவில் வாரினால் அறுந்துபோகும். சீப்பில் தங்கும் குட்டை நாரை அங்கே எஷ்டோப்பா என்பார்கள். முரட்டுத் துணிக்கும் சாக்குக்கும் அது ஆகும்.

நூற்கும்போது விரலை ஏன் எச்சிலில் நனைக்கிறார்கள்?

மிச்சமிருக்கும் பசை ஈரத்தில் இளகி, பிசிறைப் படிய வைக்கும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாலே போதும்.

கரூரில் தறி வைத்திருக்கிறேன். லினனைப் பாவில் (தறியில் நீளவாட்டில் ஓடும் நூலில்) போட்டால் பட்பட்டென்று அறுகிறதே, அக்கா?

லினன் இழை 2–3 சதவீதம்தான் நீளும், பருத்தி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளும். அதனால் இழுவிசை கொஞ்சம் ஏறுக்குமாறாக இருந்தாலும் தாங்காது. முதலில் பாவை ஒரே சீராகச் சுற்றுங்கள். அப்புறம் கஞ்சி: ஒரு லிட்டர் தண்ணீரில் 40 கிராம் ஆளிவிதை போட்டு, முட்டை வெள்ளைக்கரு பதம் வரும்வரை கொதிக்கவிட்டுச் சூட்டோடு வடிகட்டுங்கள், ஆறினால் வடியாது. விழுதுக்கு (பாவு இழைகளை ஏற்றி இறக்கும் கண்ணிகளுக்கு) பின்னால் ஒரு முழப் பாவில் தூரிகையால் தடவி, காய்ந்த பிறகு நெய்யுங்கள். அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், வைத்தால் புளித்துவிடும். காற்று காய்ந்த மத்தியானத்தில்தான் அதிகம் அறும். தரையில் தோண்டிய குழியின் ஈரம் பாவைக் காப்பதால், இந்த விஷயத்தில் குழித்தறிக்கு ஈடு இல்லை. ஊடை (குறுக்கு நூல்) சுற்றிய தாரை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் நெருக்கமாக விழும்.

கடையில் வாங்கும் ஆளிவிதையை விதைத்து நார் எடுக்கலாமா?

அது பெரும்பாலும் எண்ணெய் ரகம். குட்டையாகக் கிளைக்கும், கிளை பிரியும் இடத்தோடு நீள நார் முடிந்தது. நார் ரகம் கிடைத்தால் நம்ம ஊரில் குளிர்காலத்தில் மிக நெருக்கமாக விதையுங்கள், இடம் கொடுத்தால் அதுவும் கிளைக்கும்.