மனநல வார்டில் நோயாளி திடீரென்று அடிக்க வந்தால் நர்ஸ் என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர் இந்த வேலைக்குப் புதிதாக வந்த நர்ஸ். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பல வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். முதலில் அந்தத் "திடீரென்று" பற்றிச் சொல்கிறேன். முக்கால்வாசி நேரம் கோபம் அப்படி வருவதில்லை.

ஒரு சாயங்காலம் ஜூலு இனத்துப் பெரியவர் ஒருவர் போன் கேட்டு மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் "அப்புறம்" என்று அனுப்பியிருந்தோம். நான்காவது தடவை வந்தபோது கையிலிருந்த பிளாஸ்டிக் டம்ளர் நசுங்கி, தேநீர் விரல் வழியே வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மற்ற நோயாளிகளை வெளியே அழைத்துப் போகச் சொன்னேன். அவருக்கும் எனக்கும் கதவுக்கு வழி இருக்கும்படி, இரண்டு கை தூரம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நின்றேன். "பாபா, யாரிடம் பேசணும்?" அங்கே அப்பா வயதுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். மகளிடமாம். பேச வைத்தோம். அமைதிப்படுத்தும் ஊசிக்கு அவசியமே வரவில்லை. இந்த நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். நாலு பேர் சேர்ந்து அதட்டினால் பயம்தான் கூடும்.

உடம்பையும் பாருங்கள். ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், தலையில் அடி பட்டிருக்கலாம், குடியை நிறுத்தியதால் வந்த குழப்பமாக இருக்கலாம். டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கம் "சுகர்ஸ்" என்கிற மலிவு ஹெராயின் கிடைக்காத தவிப்பாகவும் இருக்கலாம்.

பேச்சுக்கு அடங்கவில்லை என்றால் போதுமான ஆட்களோடுதான் பிடிக்க வேண்டும். குப்புறப் போட்டு முதுகில் அழுத்தாதீர்கள், மூச்சு நின்றுவிடலாம். ஊசி போட்ட பிறகு மூச்சு, நாடி, பிரஷர் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருங்கள். ஹாலோபெரிடால் என்ற அமைதிப்படுத்தும் மருந்து போட்டவருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே செருகினால் அது நடிப்பல்ல, மருந்தின் விளைவு. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். பைபெரிடென் என்ற மாற்று மருந்தைக் கொடுத்தால் சரியாகும். தனியறையில் அடைப்பதையும் கட்டிப்போடுவதையும் தண்டனையாகச் செய்யக்கூடாது. தென்னாப்பிரிக்காவின் 2002 மனநலச் சட்டத்தின் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. குறைந்தது அரை மணிக்கு ஒரு முறை பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். என்னால் முடிந்த அன்றெல்லாம் கதவருகிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று. "இங்கே அடி வாங்குவது சகஜம்" என்று சீனியர்கள் சொன்னால் கேட்காதீர்கள். முதல் வருடம் ஒருவர் என் தோளில் குத்தினார். வெட்கப்பட்டு நான் எழுதி வைக்கவில்லை. அடுத்த வாரம் அதே நோயாளி, மருந்து கொடுக்கப் போன இன்னொரு சிஸ்டரின் தாடையில் குத்தினார். அவர் ஆபத்தானவர் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.