பழைய பிக்கப் வண்டியில் டிரைலர் இழுக்கும் கொக்கியை பம்பரோடு வெல்டிங் வைத்துப் பொருத்தலாமா?

கேட்டவரின் நிலைமை இது: பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பிக்கப் ஒன்று அவரிடம் இருக்கிறது. குறுவைக்குச் சேறடிக்க ஊர் ஊராக வாடகைக்குப் போகும் பவர் டில்லரைச் சிறிய டிரைலரில் ஏற்றி, அந்த வண்டியால் இழுத்துப் போக நினைக்கிறார். இணையத்தில் விற்கும் கொக்கியை வாங்கிவிட்டால், பின் பம்பரோடு சேர்த்து வெல்டிங் அடித்துத் தருவதாக உள்ளூர்ப் பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள்.

கும்பகோணம் பக்கத்தில் டிரைலர் கட்டும் வேலை செய்பவன் என்ற முறையில் என் பதில், அப்படிச் செய்யாதீர்கள் என்பதே. பம்பர் இடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட தகடு. இழுவையைத் தாங்குவதற்கானது அன்று. கொக்கி எத்தனை டன் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், அது பிடித்து நிற்கப்போவது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் கடைசி இரண்டடியில்தான். ஆகவே கொக்கிக்குப் பணம் கட்டுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து அந்த இரண்டடியைப் பாருங்கள்.

நம் பகுதியில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றிய வண்டிகளும் வேதாரண்யத்தில் உப்பு ஏற்றிய வண்டிகளும் கைமாறி உள்நாட்டுக்கு வருகின்றன. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர், சரக்கு ஏற்றும் தொட்டியின் பின்கதவு இடுக்கு வழியாக ஒழுகி, நேராகச் சேஸிஸின் வால் பகுதியில்தான் இறங்கும். மேலே புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒன்றும் தெரியாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன இடம் மந்தமாகச் சத்தமிட்டுச் செதில் செதிலாக உதிரும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அழுத்தினால் உள்ளே இறங்குமானால், அந்த வண்டிக்குக் கொக்கி என்ற பேச்சே வேண்டாம். ஒட்டுத் தகடு வைத்து மூடித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சேஸிஸ் நன்றாக இருந்தால் அடுத்தது எடைக் கணக்கு. நம் பக்கத்தில் ஓடும் பவர் டில்லர், சேறடிக்கும் ரோட்டரியோடு சேர்த்து 400 கிலோவைத் தாண்டும். டிரைலரின் சொந்த எடையையும் சேர்த்து மொத்தம் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரைலரின் மூக்கு, கொக்கியின் மேல் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை அழுத்த வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதாவது குறைந்தது 70 கிலோ. கொள்முதல் நிலையத்தில் போடும் 40 கிலோ நெல் மூட்டை இரண்டுக்குச் சற்றுக் குறைவு. இதற்கும் குறைந்தால் வேகத்தில் டிரைலர் பாம்பு போல் நெளியும். டில்லரைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தி, மூக்கை எடை மேடைமேல் வைத்து நீங்களே அளந்துவிடலாம்.

அந்த 70 கிலோவும் வண்டியில் அப்படியே இறங்கிவிடுவதில்லை. டிரைலர் உட்காரும் கொக்கியின் உருண்டை, அதாவது பந்து, பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் இருக்க, இரு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர் இருக்குமானால், முன் சக்கரங்களிலிருந்து 30 கிலோ குறைந்து, பின் அச்சில் 100 கிலோ கூடும். தொட்டியிலும் மூட்டைகளை அடுக்கிவிட்டு டிரைலரையும் மாட்டினால் ஸ்டியரிங் லேசாகிப் போவதற்கு இதுதான் காரணம். பிரேக்கும் பழைய வண்டியுடையது. 700 கிலோவையும் சேர்த்து அதுவே நிறுத்தியாக வேண்டும். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரைலருக்கு 750 கிலோவே மேல்வரம்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் போவதாக இருந்தால் பிரேக் உள்ள டிரைலரையே எடுங்கள்.

டிராக்டர் டிரைலரின் வளையமும் அதில் செருகும் பின்னும் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த இணைப்பில் இருக்கும் ஆட்டம் டிராக்டரின் வேகத்துக்குப் பொறுக்கும். பிக்கப் ஓடும் வேகத்தில் ஒவ்வொரு பிரேக்குக்கும் சம்மட்டி அடியாக மாறும். பந்துக் கொக்கியே சரி. ஆனால் பந்தில் 50 மில்லிமீட்டர் என்றும் 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர் என்றும் இரு வகை உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். பந்தையும் அதன் மேல் உட்காரும் கிண்ணத்தையும் ஒரே அளவில் வாங்குங்கள்.

பொருத்தும் முறையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டென்றால், சேஸிஸில் முன்னிருந்து பின்வரை ஓடும் நீளத் தண்டில் வெல்டிங் வைக்கவே கூடாது என்பதுதான். சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு தன் குணம் மாறுகிறது. ஆயிரக்கணக்கான குலுக்கலுக்குப் பிறகு விரிசல் அந்த வெல்டிங் தையலின் ஓரத்தில்தான் தொடங்கும். போல்ட் போட்டே பொருத்துங்கள். துளையைத் தண்டின் நின்ற சுவரில் டிரில்லால் போட வேண்டும். மேல், கீழ் மடிப்புகளில் துளை கூடாது, கேஸ் கட்டிங்கும் கூடாது. தண்டு பெட்டி வடிவில் மூடியிருந்தால், போல்ட்டை இறுக்கும்போது சுவர்கள் உள்வாங்காதிருக்க உள்ளே கனமான குழாய்த் துண்டு ஒன்றைக் கொடுத்து, அதன் வழியாகப் போல்ட்டைச் செலுத்துங்கள். பெயிண்டின் மேல் தகட்டை வைத்து இறுக்கினால் பெயிண்ட் நசுங்கியதும் பிடி தளர்ந்துவிடும். தொடும் பரப்பைச் சுரண்டிவிட்டு, துளையின் உள்விளிம்புக்குத் துருத்தடுப்புப் பெயிண்டான ரெட் ஆக்சைடு தடவுங்கள்.

தலையில் எண் இல்லாத போல்ட்டைக் கையில் எடுக்காதீர்கள். 8.8 என்ற எண்ணில் முதல் 8, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவலிமையைக் குறிக்கும். அதில் பத்தில் எட்டு பங்கு வரை போல்ட் நிரந்தரமாக நீளாது என்பது அடுத்த எண். 12 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டுக்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 16 கிலோ இழுப்பு என்று கணக்கு. கொக்கியோடு விவரத் தாள் வந்திருந்தால் அதிலுள்ள அளவே முதன்மை. சுமையோடு ஓடிய முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லாவற்றையும் மீண்டும் முறுக்கிப் பாருங்கள். மூக்குக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினால், கொக்கி கழன்றாலும் மூக்கு சாலையில் குத்தாது.

பந்தின் உயரத்தை, சுமை ஏற்றிய பிறகு டிரைலர் மட்டமாக நிற்கும்படி வைக்க வேண்டும். ஆனால் வயல் பாதையிலிருந்து ஆற்றங்கரைச் சாலைக்கு ஏறும் இடத்திலும் வாய்க்கால் மதகுகளின் மேட்டிலும் தாழ்ந்த கொக்கி தரையை உழுதுவிடும். உங்கள் வழியிலேயே மிகச் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே சட்டத்தின் விளக்கப்படி டிரைலரும் மோட்டார் வாகனமே, அதற்கும் பதிவு வேண்டும். ஆகவே துளை போடுவதற்கு முன்பே மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கேட்டுவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கடைசியாக விளக்குகள். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க நான்கு கம்பி வயரிங்கில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பில் எரியும். நம் வண்டிகளில் இண்டிகேட்டர் தனி. ஏழு பின் சாக்கெட்டே பொருத்தமானது: மஞ்சள் இடது இண்டிகேட்டருக்கு, பச்சை வலதுக்கு, சிவப்பு பிரேக்குக்கு, பழுப்பும் கறுப்பும் பின் விளக்குகளுக்கு, வெள்ளை எர்த்துக்கு. எர்த்து கொக்கி வழியாகவே கிடைத்துவிடும் என்று வெள்ளைக் கம்பியை விட்டுவிடுகிறார்கள். பந்தில் கிரீஸும் துருவும் சேர்ந்ததும், பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும் வேடிக்கை அதனால்தான் நடக்கிறது. ரோட்டரியிலிருந்து வழியும் சேறு படாதபடி சாக்கெட்டைக் கொக்கிக்குச் சற்று மேலே, ஓரமாக வையுங்கள்.